என்ரை நிறத்துக்கு ஒரு வெளிச்சம்

ஒஸ்லோவிலை நான் துப்புரவு வேலை செய்யிற கலைக்கூடத்துக்குக் கண்காட்சி வைக்க வந்தவர் அந்தச் செனகல் நாட்டுப் புகைப்படக்காரர். நெடிய உருவம், நரைச்ச தாடி. ஆரைப் படமெடுக்க முதலும், தன்ரை கறுத்த புறங்கையை அவையின்ரை முகத்துக்குப் பக்கத்திலை பிடிச்சு வெளிச்சம் பார்ப்பார். ஒருநாள் என்னையும் எடுக்கட்டோ எண்டு கேட்டார்.

"கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ," எண்டன் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசிலை. எங்கடை கலியாண வீட்டுப் படக்காரரிட்டைச் சொல்லிப் பழகின வாய்.

அவர் சிரிக்கேல்லை. விளக்கை அணைச்சுப்போட்டு என்னை யன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "இந்த நிறத்துக்கேத்த வெளிச்சத்தைத் தேடித்தான் நான் இத்தினை நாடும் திரியிறன்," எண்டார்.

அவர் தந்த படம் மோர்டென்ஸ்ருட்டிலை இருக்கிற எங்கடை வீட்டு ஹோலிலை, பவுடர் அப்பின மாதிரி இருக்கிற என்ரை கலியாணப் படத்துக்குப் பக்கத்திலை தொங்குது. நாலு வயசு மகள் கலியாணப் படத்தைக் காட்டித்தான் கேட்டாள்:

"அம்மா, இது ஆர்?"

அந்தச் செனகல்காரரை மனசுக்குள்ளை கும்பிட்டன்.