கடைசி வரி வரை

பார்வையிழப்பே இல்லாத நாடாக்கப் போகிறார்களாம். தேவிபட்டினம் பஸ் நிறுத்தத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். எந்த ஏசி அறையில் உட்கார்ந்து யோசித்தார்களோ, எங்கள் தெருப் பள்ளிக்கு அந்தத் திட்டம் ஒரு அட்டையாக வந்து சேர்ந்தது. மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. பிள்ளைகளைத் தள்ளி நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லிப் பார்வையைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்கும் வேலை டீச்சருக்கு. ராமநாதபுரத்தில் அரை நாள் பயிற்சி, மதியம் பிரியாணி, அதோடு அவர் பாதி கண் டாக்டர் ஆகிவிட்டார். சோதனை நாள் வரை அட்டையைச் சுருட்டி வைத்திருக்கலாம். அரசாங்கம் கொடுத்த பொருள் நாலு பேர் கண்ணில் படவேண்டும் என்று தலைமையாசிரியர் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டார். எங்கள் பள்ளியில் சுவரில் எது தொங்கினாலும் பிள்ளைகள் அதைச் சேர்ந்து கத்தியாக வேண்டும். வாய்ப்பாடு, கிழமைகள், காய்கறிகள், அப்புறம் கண் அட்டை. டீச்சர் குச்சியால் தொடத் தொட, கோரஸ் கடற்கரை வரை கேட்கும்.

அப்புறம் சோதனை வைத்தார்கள். பள்ளி முழுக்கத் தேறியது! தேறாமல் என்ன செய்யும்? குறையே இல்லாத பள்ளி என்று தலைமையாசிரியரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். என் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவள் கடைசி வரி வரை படித்ததை வீடியோ எடுத்து அனுப்பினார்கள். சவூதியில் இருக்கும் அவள் வாப்பா அதை அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார்.

எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னால் டம்ளருக்கு வெளியே ஊற்றுவாள். டீச்சரிடம் போய்ச் சொன்னேன்.

"ஒங்க மக கடைசி வரியையே கடகடன்னு படிக்கிறாம்மா. வீட்டுல வெளையாட்டுத்தனமா ஊத்திருப்பா."

ஒவ்வொரு வருடமும் போனேன். ஒவ்வொரு வருடமும் இதே பதில்தான்.

ஐந்தாம் வகுப்பில் அவளுக்குக் கண்வலி வந்தது. இடது கண் வீங்கி ஒட்டிக்கொண்ட காலையில், பாயிலிருந்து எழுந்தவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். வலது கண் திறந்துதான் இருந்தது. அப்படியே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

ராமநாதபுரத்து டாக்டர் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "வலது கண்ணுல பிறவியிலேயே பவர் குறை. சரியாத் தெரியாத கண்ண மூளையே ஒதுக்கி வச்சிருச்சும்மா. ஒண்ணாங்கிளாஸ்லயே கண்ணாடி போட்டு, நல்ல கண்ண தெனம் கொஞ்ச நேரம் மூடிப் பழக்கிருந்தா பார்வை பெரும்பாலும் வந்திருக்கும். இப்பவும் முயற்சி பண்ணுவோம். பெருசா எதிர்பார்க்காதீங்க."

ஒரு கண்ணாடி, ஒரு துண்டு பிளாஸ்திரி. அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை திட்டம், இத்தனை பயிற்சி, இத்தனை பிரியாணி. எங்கே போய் முட்டிக்கொள்வது?

கண்வலி தீர்ந்ததும் மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். அன்று மேலதிகாரி ஒருவர் பாராட்ட வந்திருந்தார். கழுத்தில் சால்வையோடு தலைமையாசிரியர் கண் அட்டைக்குப் பக்கத்தில் பூரித்துப்போய் நின்றார்.

"சார், எம்மகளுக்கு வலது கண்ணு தெரியலைன்னு டாக்டர் சொல்றாரு. நீங்களே பாருங்க" என்று அதிகாரியிடம் சொன்னேன்.

அவளை இடது கண்ணை மூடச் சொன்னார். அவள் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, கடைசி வரி வரை ஒப்பித்தாள். "நல்லாத்தானம்மா தெரியுது" என்று சிரித்தார்.

அட்டையை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன். "இப்ப படிக்கச் சொல்லுங்க" என்றேன்.

வெறும் சுவரைப் பார்த்து, அதே கணீர்க் குரலில், ஒரு எழுத்து பிசகாமல் என் மகள் படித்தாள்.

அதிகாரி கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். "ஞாபகசக்தி பிரமாதம்" என்றார்.

"அட்டையக் குடுங்கம்மா, கவர்மெண்ட் பொருள்" என்று தலைமையாசிரியர் கையை நீட்டினார்.

மகள் கண்ணிலிருந்து இன்னும் கையை எடுக்கவில்லை. என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "முடிஞ்சிருச்சா உம்மா? கைய எடுக்கவா?" என்றாள்.