கவிழ்க்காத டம்ளர்

என் வண்டியின் டேஷ்போர்டில் ஓர் இரும்பு வளையம் உண்டு. உள்பக்கம் பழைய டியூப் ரப்பர் ஒட்டி, வெல்டிங் வைத்துப் பொருத்திய வளையம். அதற்குள் ஒரு கண்ணாடி டம்ளர் நிற்கிறது. டீக்கடைகளில் பார்க்கிற சாதாரண டம்ளர்தான், விளிம்பில் ஓரிடத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. எங்கள் கடற்கரையில் மற்ற வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் மாதா சுரூபம் வைத்திருப்பார்கள். போன வாரம் அக்காவை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் வெகுநேரம் அந்த டம்ளரையே பார்த்தபடி வந்தாள். அதியன்னூர் தாண்டியதும், "இனியாவது இதைக் கவுத்து வையி மக்கா. அவருதான் போயாச்சே" என்றாள்.

அவர் என்றால் அத்தான், அக்காவின் கணவர். இறந்து இன்னும் ஆண்டு திரும்பவில்லை. நல்லது செய்தவர்களைப் பற்றி நாலு வரி எழுத உலகத்தில் ஆள் நிறைய உண்டு. எனக்குக் கெடுதல் செய்தவரைப் பற்றி நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதப்போகிறார்கள்? செத்தவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். உயிரோடு இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேராகச் சொன்னவள் நான். அதனால் எனக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

காஞ்சிரங்குளத்துக்குத் தெற்கே எங்கள் கரையில் மணல் என்று சொல்ல இப்போது ஒன்றுமில்லை. கடல் தின்றது போக மிச்சம், அலையைத் தடுக்கப் பாறைகளை அடுக்கிய கல்லணைதான். அப்பா இருந்த காலத்திலேயே பாதி மணல் போயிருந்தது. வள்ளத்தைக் கையால் இழுத்துக் கரையில் போட இடமில்லாமல், கல்லணையின் இடைவெளி வழியாக டிரெய்லரில் ஏற்றி, ரோட்டைக் கடந்து கோயில் மைதானத்தில் கொண்டு நிறுத்த வேண்டியிருந்தது. அந்த டிரெய்லரை இழுக்க ஊரில் இருந்த ஒரே வண்டி அத்தானின் ஜீப். மழைக்காலத்தில் ஊரே அவர் வீட்டு வாசலில் நிற்கும். அதில் அவருக்கு ஒரு மிதப்பும் உண்டு.

வாடகை வேறு, கட்டன்காப்பி வேறு. வள்ளம் பத்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்ததும் வள்ளக்காரர் வீட்டுப் பெண்கள் பால் விடாத அந்தக் கட்டன்காப்பியைக் கொண்டுவருவார்கள். முதல் டம்ளர் இழுத்த வண்டிக்காரருக்கு. அவர் குடித்துவிட்டு டம்ளரை பானெட்டின் மேல் கவிழ்த்து வைத்தால், இரண்டு பேருக்கும் நடுவில் மனக்குறை ஒன்றும் இல்லை என்று பொருள். குடிக்காமல் நிமிர்த்து வைத்துவிட்டுப் போனால் பகை. எங்கள் ஊரில் சண்டையைத் தொடங்கவும் தீர்க்கவும் வாய் வேண்டாம், டம்ளர் போதும்.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அத்தான் எங்கள் வள்ளத்தை இழுத்துக் கொடுத்தார். அப்பாவோடு கடலுக்குப் போகிற கூட்டாளி ஒருவர் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வள்ளத்தைத் தள்ளி, கரை ஏறும்போது உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கினார். அப்பா என் கையிலிருந்த தட்டில் முதல் டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "எலே, குளிருகவனுக்காக்கும் மொத கிளாஸ்" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இரண்டாவது டம்ளரை அத்தானுக்கு நீட்டினார். அத்தான் அதை வாங்கினார், குடிக்கவில்லை. நிறைந்த காப்பியோடு பானெட்டின் மேல் நிமிர்த்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். "அவனுக்கு என்ன வேலையோ" என்றார் அப்பா. மருமகன் தன்னிடம் பகை வைப்பான் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் அந்தக் காப்பியைக் கீழே ஊற்றிவிட்டு டம்ளரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கள்ளக்கடல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வோம். வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இராது, கடல் மட்டும் திருடன் மாதிரி ஏறி வரும். அடுத்த வருஷம் அப்படி ஒரு பகலில் வந்தது. அத்தான் ஒவ்வொரு வள்ளமாக இழுத்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தபோது அப்பா ஜீப்பின் பக்கத்தில் போய் நின்றார். அத்தான் இன்ஜினை அணைக்கக்கூட இல்லை. "மாமா, குளிருகவனுக்குத்தானே மொத கிளாஸ் குடுத்தீரு. அவன வந்து இழுக்கச் சொல்லும்" என்றார். அப்பா கும்பிட்டார். என் அப்பா, பெண் கொடுத்த மாமனார், ஊர் பார்க்க மருமகனைக் கும்பிட்டார். அத்தான் கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். எங்கள் வள்ளம் கல்லணையில் மோதி மோதி உடைந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் உண்டு. அதற்குப் பிறகு அப்பா அடுத்தவர் வள்ளத்தில் கூலிக்குப் போனார். அதிக நாள் போகவில்லை, படுத்தார், போய்விட்டார். அடக்கத்துக்கு அத்தான் வந்து எல்லோருக்கும் முன்னால் நின்று அழுதார். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். இந்த மனிதர் ஒருநாள் என் வண்டியின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்.

அதற்கு முதலில் வண்டி வேண்டுமே. பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், பலாமரத்தடியில் இன்ஜின் செத்துக் கிடந்த பிக்கப் ஒன்றைக் கண்டேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அதை வாங்கினேன். எல்லையோரத்தில் பட்டறை வைத்திருந்த ஒரு மெக்கானிக்கிடம் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். பழைய மிஷன் சபைக் குடும்பத்துக்காரர். பாட்டுப் பாடாமல் ஸ்பேனரைத் தொடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறக்கமாட்டார், மற்ற நாட்களில் சொன்ன நேரத்துக்குத் திறக்கமாட்டார். வண்டியைச் சுற்றிவந்து அவர் கேட்ட முதல் கேள்வி: "பிள்ளே, ஒனக்கு ஓட்டம் வேணுமா, இழுப்பு வேணுமா?"

"இழுப்பு" என்றேன். "இந்தக் கரையில உள்ள எந்த வண்டியையும் விட."

எங்கோ அடிபட்டு நொறுங்கிய ஜீப்பிலிருந்து ஒரு டர்போ டீசல் இன்ஜினைத் தேடிப் பிடித்தார். டர்போ என்றால் என்ன என்று கேட்டேன். "வெளிய போற பொகையக் கொண்டு ஒரு காத்தாடியச் சுத்த வைச்சு, அது காத்த இன்ஜினுக்குள்ள அமுக்கித் தள்ளுகதாக்கும்" என்றார். எனக்கு உடனே புரிந்தது. உள்ளே எரிந்து வெளியே வீணாகப் போவதை வைத்துப் பலம் ஏற்றுவதை நான் அப்பா இறந்த நாளிலிருந்து செய்துகொண்டிருந்தேன்.

சேஸிஸின் இரண்டு பக்கமும் தடித்த இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்தோம். பின்பக்க ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டைகள் போட்டோம். துருப்பிடித்த தொட்டியை அறுத்து எறிந்துவிட்டுத் தகடு விரித்தோம். டிரெய்லர் மாட்டுகிற கொண்டியை பம்பரில் வைக்காமல், இழுவை முழுதும் சேஸிஸில் இறங்கும்படி உள்ளேயிருந்து கட்டினார். இன்ஜின் மாற்றியதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்க அலைந்ததில் என் செருப்பு தேய்ந்தது. அங்கே மனதுக்குள் திட்டுவதற்கு எனக்குத் தமிழ், மலையாளம் என்று இரண்டு பாஷை இருந்தது. எல்லையோரத்தில் பிறந்ததில் அப்படி ஒரு லாபம். கடைசியில் டேஷ்போர்டில் ஒரு டம்ளர் நிற்கிற அளவுக்கு வளையம் வேண்டும் என்றேன். மெக்கானிக் பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "டம்ளர் யாருக்கு?" என்றார். "வருவார்" என்றேன்.

முதல் நாள் கரையில் மானம் போனது. பாரம் ஏற்றிய டிரெய்லரை மாட்டி கிளச்சை விட்டேன். சக்கரம் மணலில் புதைந்தது, வண்டி உறுமியது, ஓர் அடி நகரவில்லை. கிளச் தட்டு எரிந்து நாற்றம் கரை முழுக்கப் பரவியது. கல்லணையில் உட்கார்ந்திருந்த அத்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எட்டி, அடுப்புல மீனு கரியுகு, போயி பாரு" என்றார். ஊர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது. பட்டறைக்குப் போய் மெக்கானிக்கைக் கிழித்துத் தொங்கவிட்டேன். பெரிய இன்ஜின் வைத்த ஜோரில் பின் அச்சின் பல்சக்கரத்தைப் பழையதையே விட்டுவிட்டது அவர் தப்பு. "ஓட்டத்துக்குள்ள பல்லு, இழுப்புக்குக் காணாது. எனக்க புத்தி போன புத்தி" என்று தலையில் அடித்துக்கொண்டார். கனமான வண்டியின் பல்சக்கரம் வந்தது, புது கிளச் வந்தது, அகலமான டயர் வந்தது. மணலில் இறங்கும்போது டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ள நானும் பழகினேன்.

அதற்குப் பிறகு என் வண்டி எங்கும் நிற்கவில்லை. முன்கூட்டியே சொல்லிவைத்தவர், கும்பிட்டவர் என்று பார்க்காமல் யார் கூப்பிட்டாலும் போனேன். ஒவ்வொரு வள்ளமாக அத்தானின் வாசலை விட்டு என் வாசலுக்கு வந்தது. அவர் ஜீப் வீட்டு முற்றத்தில் துருப்பிடித்தது. அதில் அக்காவின் கோழிகள் அடைந்தன. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தேவையில்லாமல் ஹாரன் அடிப்பேன். அது அற்பத்தனம்தான். எனக்கு இனித்தது.

பிறகு மறுபடியும் ஒரு கள்ளக்கடல். எல்லா வள்ளமும் ஏறிவிட்டது, கரையில் மிச்சம், ஜீப் ஓட்டம் நின்றபின் அத்தான் கடலுக்குப் போகிற வள்ளம் ஒன்றுதான். அது கல்லில் மோதிவிடாமல் இருக்க அவர் வெகுநேரமாகத் தண்ணீரில் நின்று தோளால் தாங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அதை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டு, கல்லில் தவழ்ந்து ஏறி, என் வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "எட்டி, வள்ளத்த ஒண்ணு இழுத்துத் தா" என்றார்.

சொல்ல வேண்டியதை நான் வருஷக்கணக்காகத் தனியாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். இன்ஜினை அணைக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒன்று தோன்றியது. இந்த வள்ளம் உடைந்தால் ஊர் அவருக்காக அழும். அப்பாவுக்குக் கிடைக்காத அந்த அழுகையை அவருக்கு வாங்கிக் கொடுக்க நான் தயாராக இல்லை. "ஏத்துங்கோ" என்றேன்.

அலை டிரெய்லரின் சக்கரத்தைக் குழியில் இறக்கியது. கியரைத் தாழ்த்தி மிதித்தேன். டர்போவின் விசில் ஏறியது, கரும்புகை கக்கியது, பின் அச்சு முனகியது. மெல்ல, மிக மெல்ல, வள்ளம் கல்லணையின் இடைவெளியைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. ஒரு கீறல் இல்லை.

மைதானத்தில் அக்கா தட்டில் கட்டன்காப்பியோடு வந்தாள். முதல் டம்ளர் எனக்கு. நான் குடிக்கவில்லை. வளையத்திலிருந்து, அன்றைக்கு அத்தான் குடிக்காமல் விட்டுப் போன அப்பாவின் டம்ளரை எடுத்து அந்தக் காப்பியை அதில் ஊற்றினேன். பானெட்டில் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்த அத்தானிடம் போய் நீட்டினேன். "குளிருகவனுக்காக்கும் மொத கிளாஸ்" என்றேன்.

அன்றைக்கு நடுங்கிய அப்பாவின் கூட்டாளியும் கூட்டத்தில் நின்றார். அத்தானுக்குப் புரிந்தது, ஆனால் குளிர் அவரை விடவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். பல் கண்ணாடியில் படபடவென்று அடித்தது எல்லோருக்கும் கேட்டது. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீரோடு, டம்ளரை பானெட்டின் மேல் கவிழ்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"கவுக்கண்டாம். இது எங்கப்பாக்க கிளாஸ். அவரு இருக்கும்போ கவுத்திருக்கணும்."

டம்ளரைப் பிடுங்கி வளையத்தில் நிமிர்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை, என் வண்டிச் சத்தம் கேட்டால் ரோட்டை விட்டு இறங்கிச் சந்துக்குள் போய் நின்றுவிடுவார்.

போன வாரம் அதியன்னூர் ரோட்டில் அக்கா கவிழ்க்கச் சொன்னதும் நான் கியரை மாற்றி வண்டியை விட்டேன். அவளே கையை நீட்டி வளையத்திலிருந்து டம்ளரை எடுத்தாள். கவிழ்த்துவிடுவாள் என்று நினைத்து என் கால் பிரேக்கில் ஏறியது. பின்னால் வந்த ஆட்டோக்காரன் மலையாளத்தில் திட்டிக்கொண்டு ஒதுங்கிப் போனான். அக்கா சேலைத் தலைப்பால் டம்ளரை உள்ளும் புறமும் துடைத்தாள். சில்லு பெயர்ந்த இடத்தை விரலால் தடவினாள்.

"அப்பா எப்பமும் இந்தச் சில்லு இல்லாத பக்கமாக்கும் குடிப்பாரு" என்றாள்.

பிறகு டம்ளரைப் பழையபடி நிமிர்த்தே வளையத்தில் வைத்தாள். நான் வண்டியை எடுத்தேன்.