ஒப்ராத் இழுத்த சுண்ணக்கோடு

மூன்று மீட்டர் சட்டக்கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வெறுமையான கூடத்தின் நடுவில் ஒப்ராத் வெல்ச்சோவ் நின்ற இடத்திலேயே மெல்லச் சுழல்கிறார். கட்டையின் நுனி எதிலும் முட்டாவிட்டால் அங்கே ஓர் ஆள் வேலை செய்யலாம். முட்டினால் செய்ய முடியாது. அளவுநாடா சட்டைப்பையில்தான் இருக்கிறது. ஆனால் அது படங்களை அளப்பதற்கு. "நாடாவுக்கு முழங்கை கிடையாதே. இடிச்சா அதுக்கு எப்படித் தெரியும்?" என்பது அவர் வாதம்.

வயது ஐம்பத்தெட்டு. சோம்போர் நகரின் படங்களுக்கு முப்பத்தொரு ஆண்டுகளாகச் சட்டமிட்டு வருகிறார். இடக் காதின்மேல் எப்போதும் ஒரு சுண்ணக்கட்டி செருகியிருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், உட்காருவதற்கு முன் சுவரிலுள்ள படங்களின் மூலைகளைப் பார்ப்பார். இரண்டு கட்டைகள் சேரும் இடத்தை நகத்தால் தடவிய பிறகே காப்பிக் கிண்ணத்தைக் கையில் வாங்குவார். ஊராரின் பெயர்கள் மறந்துபோகும், சட்டங்கள் மறப்பதில்லை. பல் மருத்துவர் அவருக்கு "வெள்ளி விளிம்பு, எண்பதுக்கு அறுபது."

பழைய கடை இருபத்தெட்டுச் சதுர மீட்டர். புனித திமித்ரி நாளுக்குள் அதைக் காலி செய்தாக வேண்டும். இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் முடிவதும் தொடங்குவதும் அன்றுதான். புதிய இடம், பெரிய தெருவில் மூடிக் கிடந்த ஒரு செருப்புக்கடை. அகலம் ஐந்தரை மீட்டர், நீளம் பதினொன்றரை. முன்பாதியில் தங்கை நெவெங்காவின் ஓவியக்கூடம், பின்பாதியில் ஒப்ராத்தின் பட்டறை, இடையில் ஒரு செங்கல் சுவர். நாளைக் காலை ஏழு மணிக்கு மேஸ்திரி வருகிறார். சுவர் எங்கே எழும்ப வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

நெவெங்கா பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். நோவி சாத் நகரின் அருங்காட்சியகம் ஒன்று அவரை வேலைக்கு அழைத்திருக்கிறது. இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். கூடத்தில் படத்தை நின்று பார்க்க ஐந்து மீட்டராவது இல்லையென்றால் எந்த ஓவியரும் படம் தரமாட்டார், அப்படியானால் மாலை ரயிலில் போய்விடுவதாகச் சொல்லிவிட்டார். ஒப்ராத் மறுபடி கட்டையைத் தூக்கிக்கொண்டு சுழன்றார்.

வாசலிலிருந்து நாலு மீட்டர் பத்து சென்டியில் சுவருக்கான கோட்டை இழுத்தார். அதற்கு அப்பால், அறுவை இயந்திரத்துக்கு ஒரு கட்டம்.

"நாலா? நாலு மீட்டர்ல எதைண்ணே பாக்கறது? படத்தையா, படத்துல உள்ள ஈயையா?"

"மிஷினுக்கு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. கட்டை மூணு மீட்டர்ம்மா. நான் என்ன பண்ண?"

"கடைசியா எப்போ நீ மூணு மீட்டர்ல பிரேம் போட்ட?"

"தொண்ணூத்தெட்டுல. தீயணைப்புச் சங்கத்துக்கு. எல்லாரும் வரிசையா நின்ன போட்டோ."

"இருபத்தஞ்சு வருஷத்துல ஒண்ணு!"

"ஒண்ணு வந்துச்சுல்ல? இன்னொண்ணு வராதா?"

"பின்சுவத்துல ஓட்டை போட்டா, அறுக்கறப்போ கட்டையோட வால் அது பாட்டுக்குக் கொல்லை ஷெட்டுல கிடக்கும். பட்டறை நீளம் குறையும்ல?"

"ஏன், எனக்கு எலிப்பொந்துதான் கட்டித் தரணுமாக்கும்?"

இந்த நேரத்தில் யோலாங்கா வந்தார். ரயில் நிலையத்தில் பயணச்சீட்டுக் கொடுப்பவர். வண்டிக்கும் வண்டிக்கும் இடையே சன்னலுக்குள் உட்கார்ந்து, இரண்டு குளிர்காலம் குறுக்குத்தையலில் ஒரு நூல்படம் தைத்திருந்தார்: ஆற்றைக் கடக்கும் குதிரைகள். பழைய கடை பூட்டியிருந்ததால் தேடிக்கொண்டு இங்கே வந்துவிட்டார்.

"மாஸ்டர், என் குதிரைங்களுக்கு லாயம் ரெடியா?"

ஒப்ராத் காலையில் போர்வை சுற்றிக் கொண்டுவந்திருந்த மூட்டையைப் பிரித்து, சட்டமிட்ட படத்தை வாசலோரச் சுவரில் சாய்த்து வைத்தார். யோலாங்கா முதலில் குனிந்து பார்த்தார். பிறகு, கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல், பின்பக்கமாகவே நடந்தார்.

பழைய கடையில் எல்லாரும் அப்படித்தான் நடப்பார்கள். பின்வாங்கிப் பின்வாங்கி, வாசற்படி இறங்கி, நடைபாதையில் நின்று, திறந்த கதவு வழியாகத் தங்கள் படத்தைப் பார்ப்பார்கள். மழை பெய்தால் குடையோடு. அறுவை இயந்திரம், கண்ணாடி மேசை, கட்டை அடுக்கு, காப்பி அடுப்பு என்று எல்லாவற்றையும் ஒப்ராத் தம் குறிப்பேட்டில் எழுதிக் கூட்டியிருந்தார். அந்த நடைபாதையைச் சேர்க்க மறந்துபோனார். முப்பத்தொரு ஆண்டுகளாக அவருடைய கடையில் ஒரு பகுதி தெருவில் இருந்திருக்கிறது.

"போதும்மா, அங்க சுவர் வருது," என்றார்.

"எந்தச் சுவர்?" யோலாங்கா கோட்டைத் தாண்டினார். இன்னும் நாலைந்து எட்டு. இயந்திரத்துக்குப் போட்ட கட்டத்தின் விளிம்பில் காலூன்றி நின்றார். "ஐயோ, மாஸ்டர்! இங்க வாங்க. பக்கத்துல பாத்தா வெறும் நூலு. இங்கிருந்து பாத்தா தண்ணி தெறிக்குது!"

ஒப்ராத் போய் அருகில் நின்றார். கண் வழக்கம்போல முதலில் மூலைகளுக்குப் போயிற்று. நான்கும் சரியாகவே இருந்தன. அதன் பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மாஸ்டர், பேச்சையே காணோம்? குதிரை கடிச்சிருச்சா?"

"நெவெங்கா," என்றார் திரும்பாமலே. "மேஸ்திரிக்குப் போன் போடு. பின்சுவத்துல ஒரு ஓட்டை வேணும். கையளவு போதும்."

கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மண்டியிட்டார். சுவருக்கான கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை துடைத்தார். பிறகு இயந்திரக் கட்டத்துக்கு நகர்ந்து அதன் மூன்று பக்கங்களையும் துடைத்தார். நான்காவது பக்கத்தில் யோலாங்கா இன்னும் படத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். காலை எடுக்கும்படி ஒப்ராத் சொல்லவில்லை. யோலாங்காவின் இரண்டு செருப்புகளையும் சுற்றி, அவற்றில் படாமல், மெதுவாகத் துடைத்தார்.