மூன்றாம் அறையின் ஏழு பெயர்கள்

நெலிதா ஓர்சாத்தி கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தியது 1991இல். கடைசியாகப் போனது அவள் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கு. பகல் விருந்து. முற்றத்தில் மாட்டு விலா சுட்டுப் பரிமாறி, ஒயினும் ஊற்றியாகிவிட்டது. பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் ஆட்டத்துக்கு நடுவில் வந்து நின்றார்கள். ஒலிபெருக்கியில் "திரும்பி வா, அனிபால்" பாட்டு ஆரம்பித்தது. பெண் மாப்பிள்ளையின் தோளில் கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நெலிதா எழுந்து போய் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

"அனிபால் என் தம்பி. அவன் மூச்சுத் திணறிச் செத்ததுக்கு நான் எழுதின பாட்டு இது. கட்டிப்புடிச்சு ஆடணும்னா வேற எதையாவது போட்டுத் தொலைங்க."

பெண் அழ ஆரம்பித்தாள். அவள் அம்மா கையில் கேக் கத்தியோடு ஓடி வந்தாள். "ஏண்டி, இன்னிக்குன்னு பாத்தா உனக்குப் பைத்தியம் புடிக்கணும்?"

"எனக்கு எண்பத்திரண்டுலயே புடிச்சாச்சு. நீங்கதான் கவனிக்கல."

அவளோடு நானும் எழுந்து வெளியேறினேன். வேறு வழியில்லை. அந்தப் பாட்டில் டிரம்ஸ் வாசித்தவன் நான்.

என் பெயர் எவுசேபியோ. ஊரில் செபோ என்பார்கள். புவெர்த்தோ அல்மெனாரில் ஆற்றங்கரையோரம் இருந்த இறைச்சி ஆலையில் நான் எலும்பு நீக்கும் பிரிவு. நெலிதா சாசேஜ் கட்டும் பிரிவு. பதினான்கு வயதில் சேர்ந்தவள். அப்பா அம்மா இல்லாமல் தம்பி அனிபாலை அவள்தான் வளர்த்தாள். அவனுக்கு மீசை முளைத்ததும் அவளே கூட்டிக்கொண்டு வந்து குளிர் அறையில் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். "நானே கையைப் புடிச்சுக் கொண்டு போய் விட்டேன்" என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் யாரையோ அறையப் போகிறவள் போலத்தான் சொல்வாள்.

1982 ஆகஸ்ட், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபதுக்கு மூன்றாம் குளிர் அறையில் அம்மோனியா குழாய் வெடித்தது. உள்ளே ஏழு பேர். கதவு வெளியே பூட்டியிருந்தது. இறைச்சி திருட்டுப் போகிறது, வேலை முடியும்வரை கதவைப் பூட்டி வையுங்கள் என்று தலைமைப் பொறியாளர் இரண்டு வாரம் முன்பு உத்தரவு போட்டிருந்தார். சாவி அலுவலகக் கட்டடத்தில். ஒருவன் ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வருவதற்குப் பதினோரு நிமிடம் ஆனது. அதுவரை உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். கதவை இரும்புக் கம்பியால் நெம்பினோம். அசையவில்லை.

"தொழிலாளர்களின் கவனக்குறைவு" என்று ஆலை அறிக்கை விட்டது. அடுத்த திங்களன்றே அறையைக் கழுவித் திறந்துவிட்டார்கள்.

எங்களிடம் ஒரு ராக் குழு இருந்தது. எல்லாரும் ஆலை ஆட்கள். மிங்கோ கிடார், நான் டிரம்ஸ், தாரியோ பாட்டு. தாரியோவுக்குக் குரலும் இருந்தது, முகமும் இருந்தது. சனி ஞாயிறுகளில் கிளப்களில் மற்றவர்கள் பாட்டைப் பாடிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தோம். மறு வருடம் ஒரு நாள் மாலை, நாங்கள் பயிற்சி செய்யும் கொட்டகைக்குள் நெலிதா நுழைந்தாள். அவள் பின்னால் இரண்டு பேர் ஒரு பழைய மின்சார ஆர்கனைத் தூக்கி வந்தார்கள். ஒரு பிரார்த்தனைக் கூடத்தில் ஓரங்கட்டி வைத்திருந்தது. அங்கேதான் அவள் வாசிக்கக் கற்றிருந்தாள்.

"ஊர் ஊராப் போய் என்ன எழவைடா பாடிக்கிட்டிருக்கீங்க? கண்ணே, உன் கூந்தலே, நிலாவேன்னு. உங்ககூட வேலை பாத்த ஏழு பேரு செத்திருக்கான். ஒரு வார்த்தை பாடினீங்களா?"

சாசேஜ் லேபிள்களின் பின்பக்கத்தில் எழுதிய வரிகளை அவள் ஆர்கன் மேல் பரப்பினாள். பெயர் "மூன்றாம் அறை".

மெதுவாக, ஆர்கன் மட்டும் ஒலிக்கத் தொடங்கும் பாட்டு அது. காலை சைரன், பனி, இரப்பர் பூட்ஸ், ஒருவன் சொன்ன மட்டமான ஜோக். பிறகு கிடார் சேரும். நடுவில் ஏழு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் என் டிரம்மில் நாலு அடி, கதவில் விழும் அடி. ஏழாவதுக்குப் பின் ஒரு அமைதி. அப்புறம் எல்லாக் கருவியும் சேர்ந்து உடையும். "திரும்பி வா, அனிபால்" என்ற வரி கடைசியில் ஒரே ஒரு தடவை வரும்.

தாரியோ கடிகாரத்தைப் பார்த்தான். "பதினோரு நிமிஷம் வருது நெலிதா. யாரு உக்காந்து கேப்பா?"

"பதினோரு நிமிஷம் அவங்க தட்டினாங்க. கேக்கட்டும்."

1984 மார்ச்சில், ஒரு ஞாயிறு மதியம், தொழிற்சங்க மண்டபத்தில் முதல்முறை வாசித்தோம். பெயர்கள் வந்தபோது அந்தந்தக் குடும்பம் எழுந்து நின்றது. யாரும் சொல்லி வைக்கவில்லை. நாலாவது பெயருக்கு ஒதிலியா எழுந்தாள். அவள் கணவன் உக்ரைன்காரர்களின் மகன். சம்பளப் பட்டியலில் பாசிலியோ. ஏழாவது பெயருக்கு யாரும் எழவில்லை. அது அனிபால். அவன் குடும்பம் ஆர்கனில் உட்கார்ந்திருந்தது.

அந்த மண்டபத்தில் இருந்த யாரோ சொல்லித்தான் தலைநகரத்து இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. தயாரிப்பாளர் எச்சார்த், நல்ல மனிதர்போலப் பேசினார். இரண்டு நாளில் முழுப் பாட்டையும் பதிவு செய்தோம். மூன்றாம் நாள் அவர் நெலிதாவைத் தனியாக உட்காரவைத்தார்.

"ரேடியோவில நாலு நிமிஷத்துக்கு மேல போட மாட்டாங்கம்மா. முதல்ல சின்னதா வெட்டி விடுவோம். ஜனம் பழகட்டும். முழுப் பாட்டு பெரிய தட்டுல வரும். நான் சொல்றேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள். ஊருக்கு வரும் பஸ்ஸில் என்னிடம் சொன்னாள்: "சரியாத்தானே செஞ்சேன், செபோ?" நானும் சரி என்றேன். அதையும் இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

ரேடியோவில் வந்தது மூன்று நிமிடம் ஐம்பது வினாடி. குளிர் அறை போயிற்று, பூட்டு போயிற்று, ஆறு பெயர்கள் போயின. கடைசி வரியை எடுத்து நாலு தடவை திரும்பத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். தலைப்பே மாறிவிட்டது: "திரும்பி வா, அனிபால்". பாடுவது தாரியோ என்றாலும், கேட்டவர்கள் எல்லாரும் ஒரு பெண் ஓடிப்போன காதலனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார்கள். நாடே பாடியது. பிள்ளைகளுக்கு அனிபால் என்று பெயர் வைத்தார்கள். தாரியோ தலைநகரத்துக்குக் குடிபெயர்ந்து, தனியாகப் பாட ஆரம்பித்தான். பெரிய தட்டு வரவேயில்லை.

ரொட்டிக் கடை வரிசையில் ஒதிலியா நெலிதாவை மறித்தது அந்த வருடம்தான். எனக்கு முன்னால் மூன்று பேர் நின்றிருந்தார்கள். எல்லாம் காதில் விழுந்தது.

"உன் தம்பி மட்டும்தான் செத்தானா? என் புருஷன் என்ன, உள்ள தொங்கின மாட்டோட மாடா?"

"நான் வெட்டல ஒதிலியா. அவங்க…"

"கையெழுத்து யாருது?"

ஒதிலியா காலடியில் துப்பிவிட்டு ரொட்டி வாங்காமலே போனாள். மற்ற குடும்பங்களும் நெலிதா வந்தால் தெருவின் எதிர்ப்பக்கம் மாறினார்கள். தம்பி பெயரை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னவள் அவள்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அவள் யாரிடமும் போய் விளக்கவில்லை. ஆலையில் சாசேஜ் முடிச்சுகளை அந்த வருடங்களில் அவள் இழுத்துக் கட்டிய விதத்தில் சாசேஜின் தோலே கிழிந்து மேற்பார்வையாளரிடம் திட்டு வாங்கினாள்.

கல்யாண வீட்டில் கம்பியைப் பிடுங்கிய மறுவாரம், "கிளம்பு, தலைநகரம் போறோம்" என்றாள். முழுப் பதிவின் நாடாவைக் கேட்டு வாங்கப் போனோம். கம்பெனியில் ஒரு குமாஸ்தா பேரேட்டைப் புரட்டினான். எண்பத்தாறிலேயே அதை அழித்துவிட்டு, மேலே வேறு ஏதோ பதிந்துவிட்டார்களாம்.

"மேல என்ன பதிஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"குழந்தைங்க பாட்டு, சென்யோரா. பல் தேய்க்கிறதைப் பத்தி."

அங்கிருந்து நேராகத் தாரியோவின் ஒத்திகைக்குப் போனோம். அவன் எங்களைக் கட்டித் தழுவி மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தான். ஏழு பெயர்கள் வரும் கதவுப் பகுதியை மேடையிலாவது சேர்த்துப் பாடு என்று நெலிதா கேட்டாள்.

"புரிஞ்சுக்கோ நெலிதா. அது இப்ப உன் பாட்டும் இல்ல, என் பாட்டும் இல்ல. ஜனங்களோடது."

"ஜனங்களுக்கு முழுசாக் குடுத்திருந்தா அப்படிச் சொல்லு. பாதியை முழுங்கிட்டு ஏப்பம் விடாத."

"ஆறு பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பாதிக் கூட்டம் பீர் வாங்கப் போயிரும்."

மாத்தே கிண்ணத்தை அவன் வெள்ளை ஷூவின் மேல் கவிழ்த்துவிட்டு அவள் எழுந்தாள். சூடாகத்தான் இருந்திருக்கும், அவன் ஒற்றைக் காலில் குதித்தான். சிரித்தது தப்புதான். ஆனாலும் சிரித்தேன்.

1992 ஆகஸ்டில் பத்தாண்டு நிறைவு. மிங்கோவின் மைத்துனனிடம் ஒரு லாரி இருந்தது. அதை ஆலை வாசலுக்கு எதிரே நிறுத்தி, ஆர்கனை ஏற்றினோம். காலை பத்து இருபதுக்கு ஆரம்பித்தோம். நெலிதாவே பாடினாள். தாரியோவின் குரலுக்குப் பக்கத்தில்கூட நிற்காத குரல். மேலே போகும்போது உடையும். உடைந்தால் உடையட்டும் என்று பாடினாள். கேட்க நாற்பது பேர் இருந்திருப்பார்கள். இரண்டாம் நிமிடத்தில் ஆலை சைரனை ஊத ஆரம்பித்தது. எங்களை அமுக்கத்தான். பாட்டு முடியும்வரை ஊதினார்கள். ஒரு பெயரும் யார் காதிலும் விழவில்லை.

மிங்கோ லாரியிலிருந்து இறங்கும்போது சொன்னான்: "அடுத்த வருஷம் பாத்துக்கறேன் இவனுங்கள."

அடுத்த வருடம் அவன் பாட்டையே அந்தச் சைரனின் சுருதிக்கு மாற்றிக் கொண்டு வந்தான். அவர்கள் ஊத ஊத, அது எங்கள் பாட்டுக்கு ஆதார சுருதியாக நின்றது. இத்தனை பெரிய சுருதிப்பெட்டி உலகத்தில் எந்தக் குழுவுக்கும் கிடைத்திருக்காது. உள்ளே யாருக்கோ புரிந்து சட்டென்று நிறுத்தினார்கள். அந்த அமைதியில் பெயர்கள் விழுந்தன.

முடிந்ததும் ஒதிலியா லாரி அருகே வந்தாள். கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றாள்.

"அவன் பாசிலியோ இல்ல. அது கம்பெனிக்காரன் எழுதின பேரு. வீட்டுல வாசில். பாடறதுன்னா ஒழுங்காப் பாடு."

"வாசில் சின்னதா இருக்கே, தாளத்துல உக்காராது" என்றேன் நான், முட்டாள்தனமாக.

நெலிதா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப தாளத்தை மாத்து."

மாற்றினேன். நாலாவது பெயருக்குப் பின் ஒரு அடியை விட்டுவிட்டேன். ஒதிலியா மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் மறுவருடம் ஒலிவாங்கிக்கு மின்சாரம், ஆலை வாசலருகே இருந்த அவள் வீட்டிலிருந்து வந்தது.

லாரிப் பாட்டை யாரோ கேசட்டில் பதிந்தார்கள். அது கைமாறிக் கைமாறிப் போனது. தெற்கே ஒரு சுரங்க ஊரில் எங்கள் பெயர்களை எடுத்துவிட்டுத் தங்கள் ஆட்கள் நாலு பேரின் பெயர்களை வைத்துப் பாடுவதாக ஒரு கடிதம் வந்தது. நெலிதா கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நாலு பேருமா? விட்டுப்போகலையே?" என்று மட்டும் கேட்டாள்.

2003இல் தாரியோ தலைநகரக் கால்பந்து மைதானத்தில் பெரிய கச்சேரி வைத்தான், டிவியில் நேரலை. நெலிதாவின் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தோம். பாட்டு வந்தது. நடுவில் கிடார் தனியாக ஒலிக்கும் இடத்தில் கூட்டத்தின் ஒரு மூலையிலிருந்து சத்தம் கிளம்பியது. ஒரு பெயர், நாலு கைதட்டல். இன்னொரு பெயர். மூன்றாவதுக்குள் அரை மைதானம் சேர்ந்துகொண்டது. "வாசில்!" என்று கத்தி ஒரு தட்டலை விட்டார்கள், சரியாக. கிடார்க்காரன் வாசிப்பதை நிறுத்தினான். தாரியோவும் வாயசைத்துச் சேர்ந்துகொள்ளப் பார்த்தான். ஐந்துவரை சமாளித்தான். ஆறாவதுக்கு அவன் வாய் சும்மா திறந்து மூடியது.

என் கண் நிறைந்துவிட்டது. நெலிதா டிவியை அணைத்தாள்.

"இருபது வருஷம் இந்தப் பாட்டுல சோறு தின்னுருக்கான். ஆறாவது பேரு தெரியல."

ஆலை 2006இல் மூடியது. குடும்பங்கள் போட்ட வழக்கு எந்த நீதிமன்றத்திலும் விசாரணைக்கு வரவில்லை. கோப்பு எங்கே என்றே யாருக்கும் தெரியவில்லை. பூட்டச் சொன்ன பொறியாளர் தன் கட்டிலில், பேரப்பிள்ளைகள் சூழச் செத்தார்.

முப்பதாம் ஆண்டில் நகரசபை நெலிதாவுக்குக் கடிதம் அனுப்பியது: ஆலையை ஒட்டிய பதினான்காம் தெருவுக்கு "அனிபால் தெரு" என்று பெயர் வைக்கப் போகிறார்கள், விழாவுக்கு வர வேண்டும். அவளும் ஒதிலியாவும் சேர்ந்து நகரசபை அலுவலகத்துக்குப் போனார்கள். நான் கதவோரம் நின்றேன்.

"ஏழு பேரையும் எழுதுங்க" என்றாள் நெலிதா.

அதிகாரி இளைஞன், மரியாதையானவன். "பலகையில இடம் பத்தாதுங்க, சென்யோரா. ஜனங்களுக்குத் தெரிஞ்சது அனிபால்தானே?"

"அப்ப வேண்டாம். பேரே வைக்காதீங்க."

"முப்பது வருஷம் ஆச்சு. இன்னமும் இவ்வளவு கோபமா?"

"கேஸ் கட்டு எங்க இருக்குன்னு தேடிச் சொல்லுங்க தம்பி. அப்புறம் என் கோபத்தைப் பத்திப் பேசலாம்."

தெரு இன்றைக்கும் வெறும் பதினான்குதான். அன்று படியிறங்கும்போது ஒதிலியா, "நீ கொஞ்சம் மெதுவாவே பேசிட்டே. மேஜையைத் தட்டியிருக்கணும்" என்றாள்.

"அடுத்த தடவை நீ தட்டு" என்றாள் நெலிதா. பஸ் வர நேரமிருந்தது. இருவரும் பேசிக்கொண்டே நடந்தார்கள்.