மூன்று கை நீர்

ஆய்வுகூடத்துக்கு வாவி நீர் எடுக்கப் போகும்போதெல்லாம் கல்லடித் துறையில் மீன்பிடிக்கும் ஒருவர் என்னைத் தோணியில் ஏற்றிச் செல்வார். என் வயதுதான் இருக்கும். வெயிலில் வெளுத்துப்போன கால்பந்துச் சட்டை. சிரித்தால் தோணியே ஆடும் உடம்பு. புறப்படுமுன் மூன்று கை நீர் அள்ளித் தோணியின் முனையில் விடுவார். இரண்டாவது கையில் நான் ஏதாவது கேட்டுவிட்டால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

ஒருநாள், "மூண்டு கை விடாட்டித் தோணி கவிழுமா?" என்று சீண்டினேன். அவர் தோணியைத் தள்ளினார். நடு வாவியில், நீர் பிடிக்குமுன் நான் போத்தலைக் கழுவிக் கழுவி ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் மூண்டு தரந்தானே சேர் கழுவுறீங்க. ரெண்டு போதாதா, காணாதா?"

"மூண்டு எண்டுதான் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கு."

"ரெண்டு தரம் கழுவிப் பாத்திருக்கிறீங்களா?"

"இல்ல. நீங்க ரெண்டு கை விட்டுப் பாத்தீங்களா?"

"ஓம். போன மாசம் ஒருநாள் பாத்தன். ஒண்டும் நடக்கல்ல. மீனும் நல்லாப் பட்டிச்சு."

"பிறகேன் இன்னும் மூண்டு?"

"ஒருநாள் பாத்தாக் காணுமா, சேர்?"

அவர் சிரித்த சிரிப்பில் தோணி ஆடியது. நானும் சிரித்தேன். அப்போதுதான் பிடித்த நீரில் பாதி என் மடியில் கொட்டியது.

போத்தலை மறுபடி கழுவினேன், மூன்று தரம். இரண்டோடு நிறுத்திப் பார்க்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.