மூன்றாவது தடவையும் வேண்டாம்

எங்கள் பெண்கள் பள்ளி வாசலில் 'உலகக் குடிமக்களை உருவாக்குகிறோம்' என்று ஒரு பதாகை தொங்குகிறது. ஏணி வைத்துக் கட்டியவன் பள்ளிக் காவலாளியான நான்தான். தொங்யோங் துறைமுகத்துக் காற்றில் அது அறுந்து விழும்போதெல்லாம் மறுபடி கட்டுகிறவனும் நான்தான். தலைமையாசிரியருக்கு உலகம் என்றால் அந்தத் துணியும் நடைக்கூடத்தில் குத்தி வைத்த கொடிகளும். யோம் டீச்சர் அப்படியில்லை. பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற பொறுப்பு இருபத்தாறு வருஷமாக அவரிடம். அவர் சொல்லிக் கொடுப்பது ஒரே பாடம்தான். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்.

இதெல்லாம் ஒரு பாடமா என்று நானும் முதலில் நினைத்தேன். எங்கள் ஊரில் யாராவது தின்னக் கொடுத்தால் இரண்டு தடவை வேண்டாம் என்போம், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வோம். கொடுக்கிறவரும் மூன்று தடவை கேட்பார். கேட்காதவரை மனுஷராகவே மதிக்கமாட்டோம். யோம் டீச்சர் பத்தொன்பது வயதில் கனடாவில் ஒரு வீட்டில் தங்கிப் படிக்கப் போனார். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று வீட்டம்மா கேட்டார். இவர் வழக்கப்படி வேண்டாம் என்றார். அந்தம்மா சரி என்று தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இப்படி ஒன்பது நாள் அரை வயிறு. பத்தாம் நாள் நாய்க்கு வைத்திருந்த பிஸ்கட்டில் நாலைத் தின்றாராம். சொல்லும்போது சிரிப்பார். ஆனால் இன்றைக்கும் அவர் கோட்டுப் பையில் ஒரு ஆரஞ்சு இல்லாமல் நான் பார்த்ததில்லை.

குள்ளமான பெண்மணி, விசில் மாதிரி குரல். வீட்டுக்காரர் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர். அவருடைய பழைய ஸ்கூட்டரில்தான் டீச்சர் மலையேறிப் பள்ளிக்கு வருவார். வந்ததும் முதல் வேலையாக என் அறைக்குள் எட்டிப் பார்ப்பார். அடுப்பில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதுதான் பாடத்துக்குக் கருவி. பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக அனுப்புவார். நான் கிழங்கை நீட்டுவேன். அவள் மூன்று தடவையும் மறுக்க வேண்டும்.

"உன் மூஞ்சிக்கு முன்னால வேண்டாம்னு சொல்லிட்டா, உலகத்துல யாருகிட்ட வேணா சொல்லிரலாம் ஜாங் தம்பி" என்பார்.

என் மூஞ்சியைப் பற்றி இவ்வளவு நல்லதாக வேறு யாரும் சொன்னதில்லை.

இந்த வருஷம் பினாங்குப் பள்ளிக்கு ஆறு பேர். ஐந்து பெயர் எழுதியாகிவிட்டது. ஆறாவது நாரே. சந்தையில் மீன் வெட்டுகிறவரின் மகள், ஆனால் இறால் ஒத்துக்கொள்ளாது. ஏழு வயதில் தொண்டை வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அது ஊருக்கே தெரியும். அவளைக் கண்டாலே சந்தைப் பெண்கள் இறால் கூடையை இழுத்து ஓரம் வைப்பார்கள். அதனால் அவள் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டிய அவசியமே வந்ததில்லை. பினாங்கிலோ குழம்பிலும் இறால், துவையலிலும் இறாலாம். இவள் வாய் திறந்து மறுத்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் அனுப்பமாட்டேன் என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். டீச்சரும் ஒத்துக்கொண்டார்.

நாரே மூன்று நாள் என்னிடம் வந்தாள். மூன்று நாளும் மூன்றாவது தடவை கிழங்கை வாங்கிக்கொண்டு போனாள். நீட்டிக்கொண்டே இருந்தால் மாமாவுக்குக் கை வலிக்குமே என்று டீச்சரிடம் சொன்னாளாம். "வலிச்சா கீழ வைப்பாரு, உனக்கென்ன?" என்று டீச்சர் கடிந்துகொண்டார்.

பட்டியல் அனுப்பவேண்டிய நாளும் பள்ளியில் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளும் ஒன்றாக வந்தன. முற்றத்தில் முந்நூறு முட்டைக்கோஸ், ஓரத்து அடுப்பில் எல்லாருக்குமாகப் பன்றிக்கறி. பிள்ளைகள் முழங்கை வரை ரப்பர் கையுறை போட்டு, மிளகாய் விழுதும் உப்பில் ஊறிய கூனி இறாலும் கலந்த மசாலாவை இலை இலையாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சமையலுக்கு வந்தவர் புது ஆள், கோஜே தீவுக்காரர். மசாலா சரியாக வந்ததும் ஒரு இலையைச் சுருட்டி ஒவ்வொருத்தி வாயிலும் ஊட்டிக்கொண்டே வந்தார். கிம்ச்சி நாளில் ஊட்டுகிற கையை யாரும் தட்டுவதில்லை. வாயைத் திறப்போம், அவ்வளவுதான்.

நாரே முன்னால் அந்தக் கை வந்து நின்றது. முட்டைக்கோஸ் சுமந்து வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கத்தலாம் என்று நான் வாயெடுப்பதற்குள் டீச்சர் என் சட்டையைப் பிடித்தார். ஆனால் அவருடைய மறு கை இலையைத் தட்டிவிடத் தயாராக நீண்டிருந்தது.

"வேண்டாம் அத்தை" என்றாள் நாரே.

"என்ன வெக்கம்? தெற வாயை."

"வேண்டாம் அத்தை."

"ஒரே ஒரு வாய்டி. கை காத்துக்கிட்டு இருக்குல்ல?"

நாரே ஒரு எட்டு பின்னால் போனாள். "அதுல இறால் இருக்கு. தின்னா எனக்குத் தொண்டை அடைச்சிரும். வேண்டாம்."

சமையல்காரம்மா கையில் இருந்ததைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தன் வாயிலேயே போட்டு மென்றார். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, நான் பாட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொல்லப் பார்த்தேனே என்று முணுமுணுத்தார்.

"எனக்குப் பசிக்குது" என்றாள் நாரே. "அந்தப் பன்னிக்கறி வேணும். இறால் படாத தட்டுல."

வேகவைத்த கறியைப் புதுத் தட்டில் அடுக்கிக் கொடுத்தார் அந்தம்மா. டீச்சர் பாராட்டவெல்லாம் இல்லை. கோட்டுப் பையில் இருந்த பட்டியலை எடுத்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆறாவது பெயரை எழுதினார். தாளெல்லாம் மிளகாய்ச் சிவப்பு. அப்படியேதான் அது தலைமையாசிரியர் மேசைக்குப் போனது.

பிறகு சமையல்காரம்மா டீச்சரிடம் கறித்தட்டை நீட்டினார்.

"ஐயோ, எனக்கு வேண்டாங்க" என்றார் டீச்சர்.

"சரிங்க" என்று அந்தம்மா தட்டோடு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் பாடம் படித்தவராயிற்றே.

டீச்சர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கனடா வீட்டில் எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நாரே வாய் நிறையக் கறியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, தட்டைக் கொண்டா" என்று விசில் குரல் எழுந்தது. "எனக்கு வேணும். மூணு துண்டு."