கேரவனுக்கு வேக்ஸ் போட்ட அன்று

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போத்தனூரில் எங்கள் வீட்டு வாசலில் நடந்தது இது.

என் கணவர் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டியவர். காலமெல்லாம் தறிச் சத்தத்திலேயே இருந்ததால் காது கொஞ்சம் மந்தம். தறிகளை விற்றுவிட்டுப் போத்தனூருக்குக் குடிவந்ததும், பழைய டூரிஸ்ட் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்தி கேரவனாக மாற்றினார். தறிக்கூடத்தை விட்டு நகரவே முடியாமல் இருந்த மனிதர். இனிமேலாவது ஊர் ஊராகப் போக வேண்டும் என்று ஆசை.

அந்த வண்டியால் பக்கத்து வீட்டுக்காரரோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. வாசலில் நிறுத்தினால் அதன் பின்பக்கம் அவர் கேட்டை ஒட்டி நீட்டிக்கொண்டு நிற்கும். காரை வெளியே எடுக்க அவர் படாதபாடு படுவார். ஒருநாள் அவரும் என் கணவரும் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அதற்குப் பிறகு முகம் பார்ப்பதுகூட இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் வயநாட்டுக்குக் கிளம்புவதாக இருந்தோம். எங்கள் முதல் பயணம். அன்று விடிந்ததும் நானும் கணவருமாக வண்டியைக் கழுவினோம். ஷாம்பு போட்டுத் தேய்த்து, ஓஸ் பைப்பில் தண்ணீர் அடித்து, துணியால் ஒற்றி எடுத்தோம். வாசலெல்லாம் நுரையும் தண்ணீருமாகத் தேங்கிக் கிடந்தது. அடுத்தது வேக்ஸ், வண்டியைப் பளபளப்பாக்கும் மெழுகு. வண்டியின் பின்னால் பொருத்தியிருக்கும் இரும்பு ஏணியில் ரப்பர் செருப்போடு ஏறி, கூரை அழுக்காகாமலிருக்க அதை மேலேயே ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, என் கணவர் கூரையைத் தேய்க்க ஆரம்பித்தார். பக்கவாட்டுகள் எனக்கு.

ஏறும் முன், "ஃபிரிட்ஜை இப்பவே போட்டுட்டா நாளைக்குள்ள நல்லா கூலாயிரும் அம்மணி" என்று சொல்லி, வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து வண்டிக்குக் கரன்ட் கொடுத்திருந்தார். ஃபிரிட்ஜ் ஓடும் சத்தம் சன்னமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கதவின் கைப்பிடியைத் துடைக்கும்போது என் விரல் நுனியில் எறும்பு ஊறுவதுபோல் சுருசுருவென்றது. எனக்குச் சர்க்கரை உண்டு. விரல் மரத்துப்போவது பழகிய விஷயம்தான். ஆனாலும் ஒரு பயம். போகிற இடத்தில் சர்க்கரை ஏறி ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்று இவரிடம் எப்படிச் சொல்வது என்றெல்லாம் யோசித்தபடியே தேய்த்தேன். பயந்தது சரிதான். காரணம்தான் தப்பு.

ரப்பர் செருப்பு ஈரத்தில் வழுக்கிக்கொண்டே இருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு தண்ணீரில் நின்று மறுபடி கைப்பிடியைப் பிடித்தேன்.

யாரோ தோளோடு பிடித்துச் சுண்டி எறிந்தாற்போல் இருந்தது. மல்லாந்து விழுந்தேன். கை என் கையாகவே இல்லை. வண்டி முழுக்கக் கரன்ட் பாய்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மேலேயிருந்து இவர் எட்டிப் பார்த்தார். "வழுக்கி உழுந்துபோட்டியா? இரு, வாரேன்."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. தலையை ஆட்டினேன். வலியில் ஆட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவசரமாக ஏணியில் கால் வைத்தார். ஏணி இரும்பு. கீழே தண்ணீர். அவருக்கும் வெறுங்கால், செருப்பு கூரைமேலேயே கிடந்தது. கை ஏணியைப் பிடித்திருக்க, கால் தரையில் பட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர் தன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். என்னைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். "ஏனுங்க, எறங்காதீங்க. அங்கயே நில்லுங்க" என்று பலம்கொண்ட மட்டும் கத்தினார்.

இவருக்குக் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "என்ற பொண்டாட்டி உழுந்து கெடக்கறா, இப்பவும் உங்களுக்கு வண்டிச் சண்டைதானுங்களா" என்றபடி இன்னும் வேகமாக இறங்கினார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னைத் தொடாமல் தாண்டி எங்கள் வீட்டுக்குள் ஓடினார். அந்த வரிசையில் எல்லா வீடும் ஒரே மேஸ்திரி கட்டியது. மெயின் போர்டு எங்கே என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. இவரோ, "எங்க ஊட்டுக்குள்ள எதுக்குப் போறீங்க" என்று கத்திக்கொண்டே கடைசிப் படிக்கு வந்துவிட்டார். நான் இவர் பாதத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஃபிரிட்ஜ் சத்தம் நின்றது. பாதம் தண்ணீரில் பட்டது. எதுவும் ஆகவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வெளியே ஓடி வந்தார். ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மெயினை எறக்கிப்போட்டேனுங்க. வண்டி பூரா கரன்ட்டுங்க" என்று இவர் காதருகே உரக்கச் சொன்னார். இவர் ஏணியைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், அப்படியே அந்தத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார்.

"சோப்புத் தண்ணி எங்க வாசலுக்கு வருதேன்னு சத்தம் போடத்தானுங்க வந்தேன்" என்றார் அவர், ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போல.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவே காரை அங்குலம் அங்குலமாக வெளியே எடுத்து, அவர்தான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். இசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். திரும்பி வரும்போது இவர், "நா உங்களத் தப்பா நெனச்சுப்போட்டேனுங்க" என்றார். "நானும் நல்லா பேசறதுக்கு வரலீங்களே" என்றார் அவர்.

பிறகு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சொன்னார். ஃபிரிட்ஜின் பின்னால் ஒயர் உரசித் தோல் உரிந்து, வண்டியின் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் எர்த் ஒயர் எப்போதோ அறுந்துபோயிருக்கிறது. அதுவரை இவருக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், ஏறும்போது காலில் ரப்பர் செருப்பு இருந்ததும், கூரைமேல் போனபின் தரையைத் தொடாததும்தான். எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே வயநாடு போனோம்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் எங்களுக்கும் இப்போதும் சின்னச் சின்ன உரசல்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் யாராவது எங்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினால், பதிலுக்குக் கத்துவதற்கு முன் அவர் என்ன சொல்ல வருகிறார் என்று முழுதாகக் கேட்டுக்கொள்கிறோம். கேட்காமல் இறங்கிய ஒருவரை, திட்டு வாங்கிக்கொண்டே ஓடிப்போய் ஒரு மனிதர் காப்பாற்றியதை என் கண்ணால் பார்த்தேனே.